முந்நூற்றுப் பதினாறு மோட்டார்கள்

பண்டமாரான், கிள்ளான்
6 ஜனவரி 2025

அன்புள்ள தாமரைக்கு,

நானும் அப்பாவும் நலம். உன் நலத்தையும் உன் கோபத்தின் நலத்தையும் அறிய ஆவல்.

எட்டு மாதமாக நீ சுங்கை வேயில், நான் அப்பாவைப் பார்த்துக்கொண்டு இங்கே. போனில் பேசினால் மூன்றாவது நிமிடத்தில் சண்டை வருகிறது, எழுதினால் கத்த முடியாது என்று நீதான் இந்த ஏற்பாட்டைச் செய்தாய். பாவம் கார்த்திகேசு அண்ணன். உங்கள் தொழிற்சாலைக்கும் எங்கள் டிசைன் ஆபீசுக்கும் சாம்பிள் பெட்டி ஏற்றும் லோரியில் நம் குடும்பத்தையும் ஏற்றிக்கொண்டு அலைகிறார். போன வாரம் கேட்டேவிட்டார்: "ஏன் தம்பி, ஒங்க ரெண்டு பேருக்கும் வாட்ஸ்அப் இல்லையா லா?"

அப்பாவுக்கு டிசம்பரில் வாங்கிய மூச்சு மெஷின் நன்றாக ஓடுகிறது. துறைமுகத்தில் முப்பது ஆண்டு சிமெண்டு மூட்டை இறக்கிய நெஞ்சு. இப்போது மெஷின் இல்லாமல் படுக்க முடியாது. உள்ளே சுழல்வது நம் மோட்டார், நான் வரைந்தது, உன் லைனில் கோத்தது. "மருமவ செஞ்ச மோட்டாரு, எனக்கு ஒண்ணும் ஆவாது" என்று தெரு முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிகிறார். அவரைப் பார்க்க ஒரு நடை வந்தால் குறைந்துவிட மாட்டாய்.

இப்போது வேலை விஷயம். மூன்று மோட்டார்கள் திரும்பி வந்திருக்கின்றன. கொஞ்ச நாள் சீட்டி அடிப்பதுபோலச் சத்தம், பிறகு ஒரேயடியாக நின்றுவிடுகிறது. குவாலிட்டியில் இருக்கும் அஃப்ரின் திறந்து பார்த்தாள். பேரிங்குக்குள் வெள்ளையாக இருக்க வேண்டிய கிரீஸில் மஞ்சளாக என்னவோ கெட்டிப்பட்டிருக்கிறதாம். கிரீஸ் கெட்டுப்போனது என்கிறார்கள். அந்தக் கிரீஸைத் தேர்ந்தெடுத்தவன் நான். மேனேஜர் ராதாகிருஷ்ணன் பதினைந்தாம் தேதிக்குள் என் கையெழுத்தோடு அறிக்கை கேட்கிறார்.

மூன்றும் அக்டோபர் 14 தொடங்கிய வாரத்தில் கோத்தவை. அந்த வாரம் லைனில் ஏதாவது மாறியதா? புது ஆள், புதுப் பொருள், எதுவானாலும் யோசித்து எழுது. எனக்குத் தூக்கம் போய்விட்டது.

உன்
சிவநேசன்


சுங்கை வே
8 ஜனவரி 2025

அன்புள்ள உங்களுக்கு,

நலம். கோபமும் நலம், வேளாவேளைக்குச் சாப்பிடுகிறது.

நீங்கள் கேட்ட வாரத்தில் ஒன்றும் மாறவில்லை. அதே பேரிங், அதே பிரஸ், அதே பெண்கள், அதே நான். ரெக்கார்டைப் புரட்டிப் பார்த்துவிட்டேன். அந்த வாரம் முந்நூற்றுப் பதினாறு மோட்டார் கோத்திருக்கிறோம், எல்லாம் டெஸ்டில் தேறியவை. கிரீஸ் விஷயத்தை நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள். நான் கோர்ப்பவள், எனக்கு என்ன தெரியும்?

மாமா சாப்பிடுகிறாரா? அவருக்குப் புளிப்பு ஆகாது, அசாம் மீன் கறி வாங்கிக் கொடுக்காதீர்கள்.

இன்னொன்று. மாமாவின் மெஷினில் ஃபில்டரைக் கழற்றினால் மோட்டாரின் முதுகில் ஒரு எண் ஒட்டியிருக்கும். அதைப் பார்த்து எழுதுங்கள். சும்மாதான் கேட்கிறேன். எங்கள் லைனில் யார் கையால் ஆனது என்று தெரிந்துகொள்ள ஓர் ஆசை. சீட்டிச் சத்தம் ஏதும் கேட்கிறதா என்றும் பாருங்கள். நாளைக்கே எழுதுங்கள். கார்த்திகேசு அண்ணனை மத்தியானம் வரை நிறுத்தி வையுங்கள்.

தாமரை


கிள்ளான்
9 ஜனவரி 2025

அன்புள்ள தாமரைக்கு,

நீ "எனக்கு என்ன தெரியும்" என்று எழுதியதை ஃபிரேம் போட்டு மாட்டலாம் என்றிருக்கிறேன். பத்து ஆண்டுக் குடும்ப வாழ்க்கையில் முதல் முறை.

எண் 241016-207. அக்டோபர் 16ஆம் தேதி கோத்தது. அந்த மூன்றையும் கோத்த அதே வாரம்தான். ஆனால் முந்நூற்றுப் பதினாறில் மூன்றுதானே போயிருக்கிறது என்று தேற்றிக்கொண்டேன். அப்பாவுக்குக் காது மந்தம், சன்னமான சத்தம் அவருக்குக் கேட்காது. நான் காதை ஒட்டி வைத்துக் கேட்டேன். மெல்லியதாக என்னவோ இருக்கிறது. காற்றுக் குழாயின் சத்தமாகவும் இருக்கலாம்.

நீ எதற்கு இதைக் கேட்டாய்? யார் கையால் ஆனது என்று தெரிந்துகொள்ளவா? லைனில் யார் எதைச் செய்தார்கள் என்பது உனக்கு மனப்பாடம். எதையோ மறைக்கிறாய். என்னிடம் கோபமாக இருக்கும்போதுகூட நீ சுற்றி வளைத்துப் பேச மாட்டாய்.

நேராகச் சொல்.

சிவநேசன்


சுங்கை வே
10 ஜனவரி 2025

உங்களுக்கு,

காலையிலிருந்து நான்கு முறை உங்களுக்குப் போன் செய்தேன். டிசைன் ஆபீஸ் வாசலிலேயே போனை வாங்கி வைத்துவிடுவார்கள் என்பது நான்காவது முறைதான் நினைவுக்கு வந்தது. உடனே மாமாவைக் கூப்பிட்டு, மெஷினைப் போட வேண்டாம் என்று சொன்னேன்.

"என்னாம்மா சொல்ற? அது இல்லாம படுத்தா நெஞ்ச அடைக்குமே" என்றார்.

"படுக்காதீங்க மாமா. அவரு வர்ற வரைக்கும் உக்காந்தே இருங்க. ஆஸ்பத்திரில வேற மெஷின் எரவல் வாங்கிட்டு வர சொல்றேன்."

"நீ செஞ்ச மோட்டாருதானே லா இதுல இருக்கு? அப்புறம் என்னா பயம்?"

அவரிடம் சொல்லாமல் போனை வைத்துவிட்டேன். உங்களுக்குச் சொல்கிறேன். இந்தக் கடிதத்தை உங்கள் கையில்தான் கொடுக்க வேண்டும் என்று கார்த்திகேசு அண்ணனிடம் சத்தியம் வாங்கியிருக்கிறேன். படித்ததும் வீட்டுக்கு ஓடுங்கள்.

ஆயுத பூசைக்கு இங்கே என்ன வழக்கம் என்று உங்களுக்குத் தெரியும். மோட்டார் கோர்க்கும் அறைக்குள் பூவோ தூளோ போகக்கூடாது. வெளியே நடையில் மேசை போட்டு, ஓடாத மோட்டார் ஒன்றும் நாலு ஸ்குரூடிரைவரும் வைத்துக் கும்பிட்டுச் சுண்டல் கொடுப்போம். அதற்கு அனுமதி வாங்கவே நான்தான் நாயாக அலைந்தேன். போன அக்டோபர் 11ஆம் தேதியும் அப்படித்தான் செய்தோம். பூசை முடிந்து எல்லாரும் சுண்டலுக்கு நின்றபோது நான் மட்டும் உள்ளே போனேன். விரலில் குழைத்த சந்தனம் இருந்தது. பேரிங்கை ஷாஃப்டில் இறக்கும் பிரஸ் இருக்கிறதே, அதன் தலைக்கு அடியில், குனிந்தாலும் கண்ணில் படாத இடத்தில் ஒரு பொட்டு வைத்தேன்.

மாமாவுக்காக வைத்தேன். அந்த வாரம்தான் அவரை ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தீர்கள். பார்க்க வர எனக்கு ஆசை, வீம்பு விடவில்லை. மூச்சு மெஷினுக்கான மோட்டார் அந்தப் பிரஸ்ஸில்தானே பிறக்கிறது, அங்கே வேண்டிக்கொண்டால் போதும் என்று நினைத்தேன்.

திங்கள் முதல் வெள்ளி வரை அந்தப் பிரஸ் முந்நூற்றுப் பதினாறு மோட்டாருக்கு இறங்கியிருக்கிறது. ஏர்கானில் காய்ந்த சந்தனம் தூளாக உதிரும் என்று உங்களுக்கு விளக்க வேண்டாம். வெள்ளி மாலை சுத்தம் செய்யும்போது தடவிப் பார்த்தேன். பாதிப் பொட்டு இல்லை. மீதியை ஈரத் துணியால் துடைத்தேன். யாரிடமும் சொல்லவில்லை. காற்றில் போயிருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஒரு தலைமுடி விழுந்தாலும் மோட்டாரைத் தள்ளி வை என்று புது ஆட்களிடம் கத்துகிறவள் நான். அது எங்கே போயிருக்கும் என்று எனக்கு அன்றைக்கே தெரியும்.

உங்கள் கிரீஸில் பிழை இல்லை. அந்த மஞ்சள் என்னுடையது. மாமா எப்படி இருக்கிறார் என்று ஒரு வரி எழுதுங்கள். திட்டுவதைப் பிறகு திட்டுங்கள்.

தாமரை


கிள்ளான்
13 ஜனவரி 2025

தாமரை,

அப்பா நலம். அன்றைக்கே ஆஸ்பத்திரியில் இரவல் மெஷின் வாங்கிவிட்டேன். நான் போனபோது நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். நீ சொன்னாயாம், அதனால் சாயக்கூட இல்லையாம்.

சனிக்கிழமை அந்த மோட்டாரைத் திறந்தேன். பேரிங்குக்குள் கடுகில் பாதி அளவுக்கு மஞ்சள். குண்டுகள் தேய்ந்திருந்தன. இன்னும் பத்து நாள் ஓடியிருக்கும், அதிகம் போனால் இரண்டு வாரம். உன்மேல் எனக்கு வந்த கோபத்தை எழுத மாட்டேன். எழுதினால் கத்த முடியாது என்றாய், கத்த முடிகிறது. நாலு காகிதம் எழுதிக் கிழித்துப் போட்டேன்.

ஆனால் வேறு மாதிரியும் யோசித்தேன். இது மருத்துவக் கருவி. தெரிந்தே மூன்று மாதம் மறைத்தாய் என்று தெரிந்தால் வேலையோடு நிற்காது, போலீஸ் வரைக்கும் போகும். அதனால் இன்று காலை அறிக்கையில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டேன். கிரீஸ் தேர்வில் பிழை, இனி வேறு கிரீஸ். எனக்கு ஓர் எச்சரிக்கைக் கடிதம் கொடுப்பார்கள், அவ்வளவுதான். டிசைன்காரன் தப்பு செய்வது உலகத்தில் நடக்கிறதுதான்.

நீ யாரிடமும் வாய் திறக்காதே. இந்தக் கடிதத்தைக் கிழித்துப் போடு. அப்பா பிழைத்துவிட்டார், நமக்கு அது போதும். நாளை பொங்கல். லீவு போட்டுவிட்டு வீட்டுக்கு வா. வந்தவள் அப்படியே இருந்துவிடு. பழையதை நான் பேச மாட்டேன்.

சிவநேசன்


சுங்கை வே
15 ஜனவரி 2025

அன்புள்ள உங்களுக்கு,

பொங்கலுக்கு வரவில்லை. பையைக் கட்டி வைத்துவிட்டு, பஸ் போன பிறகும் கட்டிலில் உட்கார்ந்திருந்தேன்.

"அப்பா பிழைத்துவிட்டார், நமக்கு அது போதும்" என்ற வரியை நாலைந்து முறை படித்தேன். ஒவ்வொரு முறையும் மனசு லேசானது. அப்படி லேசானதுதான் எனக்குப் பயமாக இருந்தது. அக்டோபரில் அந்த ஈரத் துணியை மடித்து வைத்தபோதும் இப்படித்தான் லேசாக இருந்தது.

திரும்பி வந்தவை மூன்று, மாமாவுடையது ஒன்று. இன்னும் முந்நூற்றுப் பன்னிரண்டு இருக்கின்றன. எல்லாவற்றிலும் சந்தனம் விழுந்திருக்காது. எதில் விழுந்தது என்று எனக்கும் தெரியாது, பிரஸ்ஸுக்கும் தெரியாது. கிரீஸ் என்று நீங்கள் எழுதிக் கொடுத்தால் இனிமேல் செய்கிற மோட்டாரில் கிரீஸை மாற்றுவார்கள். வீடுகளில் ஓடிக்கொண்டிருப்பதை யாரும் திருப்பிக் கேட்க மாட்டார்கள். அந்த வீடுகளில் போன் செய்து "படுக்காதீங்க" என்று சொல்ல ஒரு மருமகள் இருக்க வேண்டாமா?

என்னைக் காப்பாற்றத்தான் செய்தீர்கள். தெரிகிறது. எட்டு மாதமாக நான் காத்திருந்த "வீட்டுக்கு வா"வை இந்தக் கடிதத்திலா எழுத வேண்டும்?

இன்று இரண்டு மணிக்கு ராதாகிருஷ்ணன் அறையில் சொல்லப் போகிறேன். உங்கள் கைக்கு இது வரும்போது சொல்லி முடித்திருப்பேன். உங்கள் அறிக்கை பொய் என்று உடனே தெரிந்துவிடும். தெரிந்தே எழுதினீர்களா என்று கேட்டால் நான் வாய் மூடி இருப்பேன். ஆனால் திருப்பித் திருப்பிக் கேட்டால் என்னால் பொய் சொல்ல முடியாது, மன்னித்துக்கொள்ளுங்கள். நடையில் வைக்கும் பூசை மேசையும் இனி இருக்காது. லைனில் இருக்கிற பெண்கள் என் முகத்தில் முழிக்க மாட்டார்கள்.

மாமாவிடம் நான் கேட்டதாகச் சொல்லுங்கள்.

தாமரை


சுங்கை வே
20 பிப்ரவரி 2025

அன்புள்ள உங்களுக்கு,

ஜனவரிக்குப் பிறகு எழுதும் மூன்றாவது கடிதம் இது. முதல் இரண்டுக்கும் பதில் இல்லை. போனையும் எடுப்பதில்லை. என் தொழிற்சாலை பாஸை அன்றைக்கே வாங்கிக்கொண்டார்கள், லோரியும் இனி நமக்கு இல்லை, அதனால் ஸ்டாம்பு ஒட்டி அனுப்புகிறேன். உங்களையும் சஸ்பெண்ட் செய்துவிட்டதாகக் கார்த்திகேசு அண்ணன் சொன்னார். என்னால்தான். நீங்கள் பேசாமல் இருப்பதில் எனக்கு நியாயம் தெரிகிறது. ஆனால் இதை எழுதாமல் இருக்க முடியாது.

முந்நூற்றுப் பன்னிரண்டில் முந்நூற்றுப் பதினொன்று கம்பெனிக்கு வந்துவிட்டது. நாற்பதுக்கு மேல் மஞ்சள் என்று அஃப்ரின் சொன்னாள். ஒன்று மட்டும் வரவில்லை. பந்திங்கில் தாயம்மாள் என்ற அம்மா. கம்பெனி அனுப்பிய கடிதம் திரும்பி வந்துவிட்டது, ஆள் போனபோது வீடு பூட்டியிருந்தது. பெயரும் அவர் குடியிருந்த கம்பத்தின் பெயரும் மட்டும் அஃப்ரின் சொன்னாள். நான் பஸ் ஏறினேன். இரண்டு நாள் வெறுங்கையோடு திரும்பினேன். மூன்றாம் நாள், நேற்று, பாசாரில் கீரை விற்கும் ஓர் அக்கா, "தாயம்மாவா? அவங்க மவ மாதவி வீடு அந்த வரிசைல இருக்கு, போய் கேளுங்க" என்று வழி காட்டினார்.

மாதவிக்கு என் வயதுதான் இருக்கும். கம்பெனியிலிருந்து மெஷின் விஷயமாக வந்திருக்கிறேன் என்றதும் உள்ளே கூப்பிட்டு மைலோ கலக்கிக் கொடுத்தாள்.

"அம்மா போய்ட்டாங்கக்கா. டிசம்பர் இருவத்தொம்போது."

மெஷின் என்ன ஆயிற்று என்று எப்படியோ கேட்டுவிட்டேன்.

"காலைல நான் போய் பாக்குறப்போ நின்னுருந்துச்சு. கொஞ்ச நாளாவே விசிலடிக்குது, தூங்க விட மாட்டேங்குதுன்னு சொல்லிக்கிட்டே இருந்தாங்க. அதான் அவங்களே ஆஃப் பண்ணிட்டாங்கன்னு நெனச்சோம். டாக்டரும் இருதயம் வீக்குன்னு முன்னாடியே சொல்லியிருந்தாரு."

நான் மைலோவைக் குடித்தேன். சொல்ல வேண்டியதை அந்த நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. அவள் மெஷினைத் துணியில் சுற்றிப் பையில் போட்டுக் கொடுத்தாள். "இவ்ளோ தூரம் பஸ்ல வந்தீங்களே, நல்ல மனசுக்கா ஒங்களுக்கு" என்று வாசல் வரை வந்து வழியனுப்பினாள். கிள்ளானில் பஸ் மாறும் வரைக்கும் அதை மடியில் வைத்திருந்தேன். பக்கத்து சீட்டில் இருந்தவர் குழந்தைக்கு உடம்பு சரியில்லையா என்று கேட்டார், நான் அப்படிப் பிடித்திருந்திருக்கிறேன்.

டிசம்பர் 29 என்றால் உங்கள் முதல் கடிதத்துக்கு எட்டு நாள் முன்னால். ஜனவரியில் நான் சொன்னது அந்த அம்மாவுக்கு உதவியிருக்காது. அக்டோபரில் சொல்லியிருந்தால்? இதையே கேட்டுக் கேட்டு எனக்குப் பைத்தியம் பிடித்துவிடும் போலிருக்கிறது. மாமாவின் மூச்சுக்காக வைத்த பொட்டு யார் வீட்டில் போய் விழுந்தது பார்த்தீர்களா?

மெஷின் அடுப்படி மேசைமேல் இருக்கிறது. நான் திறக்கவில்லை, திறக்கவும் கூடாது. திங்கட்கிழமை காலை ராதாகிருஷ்ணன் முன்னால் அஃப்ரின் திறப்பாள், என்னையும் கூட இருக்க விடுகிறார்கள். உள்ளே மஞ்சள் இருந்தாலும் இல்லாவிட்டாலும் அங்கிருந்து நேராகப் பந்திங் போய் மாதவியிடம் எல்லாவற்றையும் சொல்லப் போகிறேன். தடுத்து எழுதாதீர்கள். அவள் என்ன செய்தாலும் செய்யட்டும். ஆனால் எனக்கு ரொம்பப் பயமாக இருக்கிறது. யாரிடமாவது சொல்ல வேண்டும்போல் இருந்தது, உங்களை விட்டால் எனக்கு ஆள் இல்லை.

தாமரை


சுங்கை வே, உன் வீட்டுக்குக் கீழே
24 பிப்ரவரி 2025, காலை

தாமரை,

இதை உன் கதவுக்கு அடியில் தள்ளிவிட்டுக் கீழே போய், தெருவில் நிறுத்தியிருக்கும் காடியில் உட்கார்ந்திருப்பேன். கதவைத் தட்டி உன் முகத்தைப் பார்க்க இன்னும் தைரியம் வரவில்லை.

உன் இரண்டு கடிதங்களையும் பிரிக்காமலே வைத்திருந்தேன். மூன்றாவது சனிக்கிழமை வந்தது, நான் கடைக்குப் போயிருந்தபோது அப்பா பிரித்துப் படித்துவிட்டார். திரும்பி வந்தால் மேசைமேல் கடிதம், பக்கத்தில் அவர் கண்ணாடி. "என்னா பொட்டு? எனக்காக வச்சதுன்னா ஏன்டா எங்கிட்ட சொல்லல?" என்று கேட்டார். எல்லாவற்றையும் சொன்னேன். நான் பொய்க் கையெழுத்துப் போட்டதையும் சொன்னேன். கல்யாணமானவனை இந்த வயதில் அடிக்கக் கை ஓங்கினார். மூச்சு வாங்கியதால் உட்கார்ந்துவிட்டார்.

இன்று காலை எனக்கு முன்னால் எழுந்து வேட்டி கட்டி நின்றார். டாக்டர் பயணம் கூடாது என்றிருக்கிறார், சொன்னால் கேட்கவில்லை. "செத்தவங்க பேரு தாயம்மாவா போச்சு, இல்லன்னா பக்கிரிசாமின்னு எம் பேரா இருந்துருக்கும். நானும் வரேன். அந்த பிள்ளைகிட்ட மொத வார்த்த நான் பேசுறேன்" என்கிறார். என்னால் மறுக்க முடியவில்லை. ஆக்சிஜன் சிலிண்டரும் குழாயுமாகப் பின் சீட்டில் உட்கார்ந்திருக்கிறார்.

என் கோபம் தீர்ந்துவிட்டது என்று சொல்ல மாட்டேன். ஆனால் மோட்டாரைத் திறக்கும்போது நான் உன் பக்கத்தில் நிற்பேன். கிரீஸ் இல்லை என்று தெரிந்தேதான் எழுதிக் கொடுத்தேன் என்று ராதாகிருஷ்ணனிடம் நானே சொல்லிவிடுகிறேன், உன்னை யாரும் திருப்பித் திருப்பிக் கேட்க வேண்டாம். பிறகு மூன்று பேரும் பந்திங் போவோம். எனக்கும் பயமாக இருக்கிறது.

மெஷினை எடுத்துக்கொண்டு சீக்கிரம் இறங்கி வா. அப்பாவால் ரொம்ப நேரம் காடியில் உட்கார முடியாது.

சிவநேசன்